மலை ரோட்டில் இழுக்காமல் நடக்கும் நாய்

கோத்தகிரியில் நாய் வளர்க்கிறவர்கள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், இவன் இழுக்கிறதை எப்படி நிறுத்துறது?" நான் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தின கை நாயையும் நிறுத்திவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. நிறுத்தாது. விசில் ஊதினால் பிள்ளைகள் பயப்படுவார்கள். நாயோ ஊதுகிறவரை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் கோழிக்கடைப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இழுத்தால் போக முடிகிறது, அதனால் நாய் இழுக்கிறது. காரணம் அவ்வளவுதான். திமிரும் இல்லை, நம்மை மிரட்டி ஆளப் பார்ப்பதும் இல்லை. அதன் இயல்பான நடையே நம் நடையைவிட வேகம். அந்த வேகத்தில் போகப் பார்க்கிறது, கயிறு விறைக்கிறது, நாமும் பின்னால் ஓடுகிறோம். விறைத்த கயிற்றோடு நாம் வைக்கிற ஒவ்வொரு அடியும் இழுத்ததற்குக் கொடுக்கிற கூலி. கூலி கிடைக்கிற வேலையை யார் விடுவார்? இழுப்புக்குக் கூலியை நிறுத்திவிட்டு, தளர்ந்த கயிற்றுக்குக் கொடுக்க ஆரம்பித்தால் போதும். கேட்க எளிது. குளிரில், கையில் பையோடு, பின்னால் மினி பஸ் ஹாரன் அடிக்கும்போது செய்வதுதான் கஷ்டம். அதனால் வீட்டுக்குள்ளிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது ஜிம்மி. டீ ஃபேக்டரிப் பக்கம் பிறந்த நாட்டு நாய், இன்னும் ஒரு வயது ஆகவில்லை. பக்கத்து வீட்டில் புரூனோ என்று ஒரு லாப்ரடார். இரண்டும் இரண்டு விதம். புரூனோ ஒரு துண்டு கோழிக்கு உலகத்தையே எழுதிக் கொடுத்துவிடுவான். ஜிம்மிக்குக் கோழியைவிட மோப்பம் பெரிது. கீழே சொல்வதை உங்கள் நாய் எந்த ரகம் என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பெல்ட், கயிறு, ஹார்னஸ்

கழுத்துக்குத் தட்டையான துணி பெல்ட் போதும். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்வாக இருந்தால் நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும். குட்டி வளர வளர வாரா வாரம் பார்த்துத் தளர்த்த வேண்டும். கயிறு 5 அல்லது 6 அடி, லேசான நைலான் அல்லது பருத்தி. இரும்புச் சங்கிலி வேண்டாம். கனம், சத்தம், போதாதற்கு டிசம்பர் காலையில் கையில் ஐஸ் மாதிரி ஒட்டும். முக்கியமாக, சங்கிலியின் கனத்தால் கயிறு தளர்ந்திருப்பதற்கும் விறைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் நாய்க்கே புரியாது.

பொத்தானை அமுக்கினால் நீண்டு சுருங்கும் டப்பாக் கயிறு இந்த மலைக்கு ஆகவே ஆகாது. வளைவுக்கு அந்தப் பக்கம் நாய், இந்தப் பக்கம் நாம், நடுவில் ஒரு ஜீப் என்று ஆகிவிடும். தவிர அந்தக் கயிற்றில் எப்போதும் ஒரு சின்ன விறைப்பு இருந்துகொண்டே இருக்கும். எதை மறக்கடிக்கப் பார்க்கிறோமோ அதையே அது நாள் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும்.

ஹார்னஸ் என்பது கழுத்துக்குப் பதில் நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டுகிற வார். முதுகில் கொக்கி மாட்டும் ஹார்னஸ் நாய்க்குச் சுகம். நெஞ்சைக் கொடுத்து இன்னும் நன்றாக இழுக்கும். நெஞ்சுப் பக்கம் கொக்கி இருக்கிற ஹார்னஸ் வேறு. இழுத்தால் உடம்பு நம் பக்கம் திரும்பிவிடும், இழுப்புக்குப் பலன் இருக்காது. பலசாலி நாய்க்கும், வயதானவர்கள் பிடிக்கிற நாய்க்கும் அது உதவும். இருமுகிற நாய், பக் மாதிரி முகம் சப்பையான நாய் என்றால் கழுத்தில் மாட்டவே வேண்டாம், ஹார்னஸ்தான்.

இழுக்க இழுக்க இறுகும் சோக் செயின், உள்பக்கம் முள் வைத்த பெல்ட் இரண்டையும் நான் சேர்ப்பதில்லை. வலிக்கும் என்பது ஒரு காரணம், மூச்சுக்குழாய்க்கு ஆபத்து என்பது இன்னொன்று. மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. எதிரில் இன்னொரு நாய் வருகிறது, நம் நாய் ஆசையாகப் பாய்கிறது, கழுத்தில் சுளீர் என்று வலிக்கிறது. வலித்தது இழுத்ததால் என்று அதற்குத் தெரியாது. எதிரில் நாய் தெரிந்தது, வலித்தது. கணக்கு அதோடு முடிந்தது. நாலு தரம் இப்படி நடந்தால் தூரத்தில் நாய் தெரிந்ததுமே குரைத்துத் துரத்தப் பார்க்கும். அப்புறம், "எங்க நாய்க்கு மத்த நாயைக் கண்டாலே ஆகாது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள்.

கயிற்றின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மீதியை உள்ளங்கையில் மடித்து மூடுங்கள். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். சரிவில் நாய் குரங்கைப் பார்த்துப் பாய்ந்தால் கையை விடுவிக்க வழி இருக்காது, நீங்களும் கூடவே போவீர்கள்.

வீட்டுக்குள்

குட்டிக்குத் தடுப்பூசி முடியும் வரை கடைவீதித் தரையில் இறக்க வேண்டாம். 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை என்று சுமார் 16 வாரம் வரை அந்த ஊசிகள் போகும். வெறிநாய்க்கடி ஊசி வழக்கமாக 3 மாதத்தில். எது எப்போது என்று மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் அட்டையில் எழுதிக் கொடுப்பார். குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கைக் கொடுக்கிற பார்வோ கிருமி தெருமண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால்தான் இந்த எச்சரிக்கை. அதற்காகக் குட்டியைப் பூட்டி வைக்கவும் கூடாது. உலகம் இப்படித்தான் இருக்கும் என்று குட்டி பழகிக்கொள்கிற வயது 3 வாரத்திலிருந்து சுமார் 14 வாரம் வரைதான். தூக்கிக்கொண்டு போய் பஸ் சத்தம், ரெயின்கோட் மனிதர்கள், தலையில் விறகுச் சுமையோடு வருகிறவர்கள் என்று எல்லாவற்றையும் காட்டுங்கள். கீழே மட்டும் விடாதீர்கள்.

இந்த வாரங்களில் வீட்டில் மூன்று காரியம் நடக்கலாம். முதலாவது, பெல்ட் பழகுவது. சாப்பாட்டு நேரத்தில் மாட்டுங்கள், சாப்பிட்டதும் கழற்றுங்கள், சொறிவதை மறந்துவிடும். இரண்டாவது, கயிறு கொஞ்சம் விறைத்தால் எதிர்த்து இழுக்காமல் விறைப்பு வரும் பக்கமாக நகர்வது. ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் எதிர்ப்பது நாயின் சுபாவம், அதனால் இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கயிற்றை மெதுவாக, ஒரே அளவில் பிடித்திருங்கள். இழுக்காதீர்கள், விடவும் வேண்டாம். குட்டி கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்ந்தாலே கயிற்றைத் தளர்த்தி ஒரு துண்டு கொடுங்கள். கயிறு விறைத்தால் திரும்பி வர வேண்டும் என்பதை ரோட்டில் கற்பதைவிடக் கூடத்தில் கற்பது எத்தனையோ சுலபம்.

மூன்றாவதுதான் அஸ்திவாரம்: உங்கள் காலோரம் நல்ல இடம் என்று அதற்குத் தோன்ற வைப்பது. யூடியூபில் எல்லாரும் நாயை இடப்பக்கம் நடத்தச் சொல்வார்கள். எங்கள் ரோடுகளில் நடைபாதை கிடையாது. எதிரே வருகிற வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடப்பதுதான் பாதுகாப்பு. நாயும் வலப்பக்கம் இருந்தால் அது ஓரத்தில், வண்டிக்கும் அதற்கும் நடுவில் நான். அதனால் ஜிம்மிக்கு வலப்பக்கம். தீனியையும் வலது கையால், வலது முழங்காலை ஒட்டி, தாழ்வாகக் கொடுக்கிறேன். இடது கையால் குறுக்கே நீட்டினால் நாய் முன்னால் வந்து காலில் இடறும். கூடத்தில் ஓர் அடி, ஒரு துண்டு. இரண்டு அடி, ஒரு துண்டு. பிறகு ஐந்து, பத்து. கயிறு கூட வேண்டாம் முதலில்.

கூலி எந்தச் செயலுக்கு என்று அந்தச் சரியான நொடியைக் குறித்துக் காட்ட ஒரு சத்தம் வைத்துக்கொள்ளுங்கள். நான் நாக்கைத் தட்டி 'டொக்' என்பேன். வார்த்தை என்றால் கோபத்தில் ஒரு குரல், குளிரில் ஒரு குரல் என்று மாறும். நாக்குச் சத்தம் மாறாது. விசில் வைத்துப் பார்க்கலாம்தான், ஆனால் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

தீனி: உப்புப் போடாமல் வேகவைத்த கோழி அல்லது ஈரல், கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கியது. ஈரல் கொஞ்சமாகத்தான். வீட்டுக்குள் பழக இந்த ஊர் கேரட்டே போதும், புரூனோவுக்கு அதுவே அமிர்தம். வர்க்கி பிஸ்கட் வேண்டாம், மைதாவும் கொழுப்பும்தான் அதில். சாக்லேட் நாய்க்கு விஷம், திராட்சையும் உலர்திராட்சையும் அப்படியே. சீசன் நேரத்தில் டூரிஸ்ட் பிள்ளைகள் ஆசையாக ஹோம்மேட் சாக்லேட்டை நீட்டுவார்கள். பிள்ளை மனசு நோகாமல், ஆனால் சட்டென்று மறுத்துவிடுங்கள்.

கேட்டுக்கு வெளியே

இழுப்பு ரோட்டில் ஆரம்பிப்பதில்லை. ஆணியிலிருந்து கயிற்றை எடுக்கிற சத்தத்தில் ஆரம்பிக்கிறது. எடுத்ததும் குதித்தால் மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு ஸ்வெட்டரை மடிக்கப் போங்கள். நாலு காலும் தரையில் இருந்தால் கயிறு கழுத்துக்கு வரும், கேட் முன்னால் அமைதியாக நின்றால் கேட் திறக்கும். முதல் வாரம் கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்ததே வாக்கிங் என்று ஆனாலும் கவலை வேண்டாம்.

பழக ஒரு சமதளம் தேடுங்கள். கோத்தகிரியில் அது சுலபமில்லை என்று தெரியும். பள்ளி மைதானம், கோயில் முன்வாசல், ஃபேக்டரி எதிரில் லாரி திரும்புகிற இடம், இவைதான் உண்டு. சரிவில் ஆரம்பித்தால் இறக்கத்தில் நாயின் எடையும் சேர்ந்து இழுக்கும், பாசி பிடித்த படியில் உங்கள் காலும் வழுக்கும்.

இனி விதி: கயிறு விறைத்தால் நான் நிற்பேன். பின்னால் இழுக்க மாட்டேன், அதட்ட மாட்டேன், பேர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டேன். கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பேன். நாய் திரும்பிப் பார்க்கும், அல்லது ஒரு அடி பின்வாங்கும், கயிறு தளரும். அந்த நொடியில் 'டொக்', நடை. முதல் நாட்களில் டீக்கடை வரை போகவே யுகமாகும். டீக்கடைக்காரர் வேடிக்கை பார்ப்பார். பார்க்கட்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நாய் இழுத்து, திரும்பி வந்து, உடனே தீனி வாங்கினால் அது வேறு பாடம் படித்துவிடும்: இழு, வா, வாங்கிக்கொள், மறுபடி இழு. புரூனோ இதில் டாக்டர் பட்டம் வாங்கினவன். திரும்பி வந்ததற்கு நடை மட்டும் கூலி. தீனி வேண்டுமென்றால் காலோரம் இன்னும் பத்து அடியாவது கயிறு தளர்ந்தபடி நடக்க வேண்டும். அந்தப் பத்து போகப் போக இருபது, அடுத்த மின்கம்பம், அதற்கடுத்த வளைவு என்று நீளும். எப்போது வரும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

நின்று நின்று இருவருக்கும் எரிச்சல் வந்தால் இன்னொரு வழி: கயிறு விறைப்பதற்கு ஒரு நொடி முன்பே நீங்கள் திரும்பி எதிர்ப்பக்கம் நடங்கள். நாய் ஓடி வந்து சேர்ந்துகொள்ளும், சேர்ந்ததும் 'டொக்'. மைதானத்தில் இது ஜோர். குறுகிய ரோட்டில் ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் பைக் என்கிற இடத்தில் வேண்டாம்.

ஜிம்மி மாதிரி மோப்பக்காரர்களுக்கு மோப்பத்தையே கூலியாக்குங்கள். எஸ்டேட் பாதை ஓரத்தில் முயல், முள்ளம்பன்றி, ராத்திரி வந்துபோன காட்டெருமை என்று எல்லாருடைய செய்தியும் கிடக்கிறது. அதைப் படிக்க விடாமல் நடத்துவது பாவம். கயிறு தளர்ந்தபடி அந்தப் புதர் வரை வந்தால் "போ" என்று சொல்லி நானும் கூடவே போவேன். ஆசை தீர முகரட்டும். இழுத்துக்கொண்டு போனால் புதருக்கு முன்னாலேயே நின்றுவிடுவேன். ஜிம்மியை மாற்றியது கோழித் துண்டு இல்லை, இந்த "போ"தான்.

வீட்டில் எல்லாரும் இதே விதியில் நிற்க வேண்டும் என்று எழுதுவது சுலபம். பேரன் கடைக்குப் போக அவசரப்படுவான், நாயும் அவனை இழுத்துக்கொண்டு போகும். என்றைக்காவது ஒரு நாள் பலித்தாலும் இழுப்பு சாகாது. எப்போதாவது கிடைக்கும் என்கிற நம்பிக்கைக்குத்தான் பிடிவாதம் அதிகம். அதற்கு நான் கண்ட வழி, இரண்டு சட்டை. முதுகுக் கொக்கி ஹார்னஸ் மாட்டினால் விதி கிடையாது. அவசரம், பேரன், ஆஸ்பத்திரி எல்லாம் அதில். பெல்ட்டில் கயிறு மாட்டினால் விதி உண்டு, அப்போது பிடிக்கிறவர் யாராக இருந்தாலும் நின்றே ஆக வேண்டும். நாய் இந்த வித்தியாசத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

தெருநாய், குரங்கு, காட்டெருமை

ஊருக்குள் முதல் சோதனை தெருநாய்கள். பேக்கரி வாசல் ஒரு கூட்டத்துக்கு, பஸ் ஸ்டாண்டு இன்னொன்றுக்கு. எதிரில் நாயைப் பார்த்ததும் நம் கை தானாகவே கயிற்றைச் சுருட்டும். விறைத்த கயிறு நம் நாய்க்கு 'ஏதோ ஆபத்து' என்று சொல்லும், அதன் உடம்பையும் முன்னால் தூக்கி நிறுத்தும். எதிரே நிற்கிற நாய்க்கு அது சண்டைக்கு வருகிறவன் நிற்கிற தோரணை. கயிற்றைத் தளரவே விட்டு, நேராகப் போகாமல் அரைவட்டமாக ஒதுங்கிப் போங்கள். தரையில் நாலு துண்டு தீனியைச் சிதறவிட்டால் உங்கள் நாய் தலையைக் குனிந்து தேடும். குனிந்த தலையோடு சண்டை வராது. ஆனால் தெருநாய் பக்கத்திலேயே நின்றால் சிதறவிடாதீர்கள், அந்தத் தீனிக்கே சண்டை வரும்.

எவ்வளவு தூரத்தில் ஒதுங்குவது? அதை நாயே சொல்லும். கோழித் துண்டை மூக்கருகே நீட்டுங்கள். வாங்கித் தின்றால் அந்தத் தூரம் சரி. பார்வை அங்கேயே குத்தியிருக்க, துண்டைத் தொடக்கூட இல்லை என்றால் மிகக் கிட்டத்தில் வந்துவிட்டீர்கள், பின்வாங்குங்கள். குரங்குக்கும் இதே அளவுகோல்தான். அவை கூரையில் உட்கார்ந்துகொண்டு வேண்டுமென்றே சீண்டும். குரங்கு தெரிகிற தூரத்தில், ஆனால் தீனி இறங்குகிற தூரத்தில் நின்று, குரங்கைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்க்கிற ஒவ்வொரு தரமும் ஒரு துண்டு கொடுங்கள். வாரா வாரம் ஒரு வீட்டு நீளம் கிட்டே போகலாம்.

காட்டெருமைக்குப் பயிற்சி எதுவும் கிடையாது, தூரம் மட்டும்தான். டீத் தோட்டத்தில் நிம்மதியாக மேய்ந்துகொண்டு நிற்கும், பார்த்தால் சாது. குரைக்கிற நாயைக் கண்டால் சாதுத்தனம் போய்விடும். பெரிய ஆபத்து, கயிறு இல்லாத நாய். போய்க் குரைக்கும், துரத்தப்படும், துரத்தப்பட்டதும் நேராக ஓடி வருவது நம் காலடிக்குத்தான்; பின்னாலேயே அதுவும் வரும். கரடிக்கும் இதே கதை. அதனால் தோட்டத்துப் பாதையில் எவ்வளவு நல்ல பிள்ளையானாலும் கயிறு கையில்தான். வளைவு திரும்பி ஒன்று நின்றால், கத்தாமல், வந்த வழியே பின்வாங்கி வேறு பாதை. இதற்காகவே "வா" என்றதும் சட்டென்று திரும்பி என்னோடு ஓடுவதை ஜிம்மிக்கு மைதானத்தில் விளையாட்டாகப் பழக்கியிருக்கிறேன். ஓடினால் முடிவில் ஒரு பிடி கோழி.

நேரமும் முக்கியம். காலை எட்டு மணிக்கு மேல், சாயங்காலம் ஐந்துக்குள். விடிகிறதற்கு முன்னும் இருட்டின பின்னும் சிறுத்தை, கரடி நடமாடுகிற நேரம். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை, கயிற்றில் இருக்கிற நாயும் நாய்தான். சோலைக் காட்டுக்குள், லாங்வுட் சோலை மாதிரி இடங்களுக்கு, நாயைக் கூட்டிப் போகவே வேண்டாம். டிஸ்டெம்பர் மாதிரி நாய் நோய் காட்டு மிருகங்களுக்கும் தொற்றும்.

வலப்பக்கம் திரும்புகிற, எதிரே கண்ணுக்குத் தெரியாத வளைவு வந்தால் நான் முன்னாலேயே நின்றுவிடுவேன். ஜிம்மி உட்காரும், நான் காது கொடுத்துக் கேட்பேன், வண்டி இல்லை என்றால் நடை. தினமும் இதே வளைவுகளில் நின்று நின்று இப்போது நான் சொல்லாமலே உட்காருகிறான். பனிமூட்டம் இறங்கின நாளில் ரோட்டுப் பக்கமே போவதில்லை. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் பெல்ட்டில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை, கற்றதெல்லாம் காற்றில் போனது மாதிரி ஒரு பருவம் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பழகியதால் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. தண்டனையைக் கூட்டாதீர்கள், நடக்கிற தூரத்தைக் குறைத்து, தீனியைக் கூட்டி, பழைய மைதானத்துக்கே சில வாரம் திரும்பிப் போங்கள். எலும்பு முற்றாத வயதில் நீண்ட ஏற்ற இறக்கம் வேண்டாம். படியில் குதித்து இறங்க விடாமல் ஒவ்வொரு படியாக "மெல்ல" என்று இறக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு சின்ன நடை, ஒரே நெடுநடையைவிட மேல்.

பையில் தீனியோடு பழைய நியூஸ்பேப்பரும் இருக்கட்டும். பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ள மாவட்டம் இது, பேப்பரில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்து குழியில் போட்டு மூடுங்கள்.

அக்டோபரில் மழை பிடித்தால் எங்கள் பக்கம் டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். வெளியே போகாத நாளில் கூடத்திலேயே நாற்காலிகளைச் சுற்றி எட்டுப் போட்டு, காலோரம் நடக்க வையுங்கள். மழை விட்டு வெளியே போய் வந்தால் வாசலிலேயே சாக்குத் துணியால் காலைத் துடைத்து, விரல் இடுக்கு, காது மடல், அக்குள் மூன்றையும் பாருங்கள். அட்டை ஒட்டியிருந்தால் பிடுங்காமல், நகத்தை அதன் வாய்ப்பக்கம் கொடுத்து வழித்துவிடுங்கள். உண்ணி என்றால் தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். துடைக்கும்போது சும்மா நின்றதற்கும் ஒரு துண்டு உண்டு.